பாண் இல்லாத சான்ட்விச்

ரபீக்காவின் கணவர் கலீலுர் றஹ்மான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவருக்குப் பகல் சாப்பாடு ஒன்றேதான்: அச்சுப் பாணுக்குள் மிளகு போட்டு வாட்டிய மாட்டிறைச்சி, வெங்காயம், முட்டை, சீஸ். சோறு கட்டிக் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். சீனி வருத்தம் கூடியபோது, பாணை அடியோடு விடச் சொன்னார் டொக்டர்.

பாண்தானே கூடாது, உள்ளே இருப்பது கூடும்தானே என்று ரபீக்கா யோசித்தாள். பாணுக்குப் பதிலாகக் கோவா என்கிற முட்டைக்கோஸை அடுக்கி அவணில் வேகவைப்பதை யாரோ ஒருத்தி போனில் காட்ட, அவளும் செய்து பார்த்தாள். கோவா தண்ணீர் விட்டு ட்ரே குளமாகிப் போனது.

“இது கறியுமில்ல, பாணுமில்ல,” என்றார் அவர்.

அடுத்த முறை கோவாவை மெல்லிசாக அரிந்து, உப்புப் பிசறி, துணியில் கட்டிக் கை நோகப் பிழிந்தாள். தாச்சியில் ஈரம் வற்றும்வரை வதக்கி அடியில் பரப்பினாள். அதன்மேல் இறைச்சி, வெங்காயம், அரைத்த கடுகு கலந்து அடித்த முட்டை, கடைசியாகச் சீஸ். மேற்புறம் சிவந்ததும் துண்டு போட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். பின்னேரம் பெட்டி வெறுமையாக வந்தது.

“பாண் இல்லாத குறையே தெரியல்ல. நாளைக்கும் வைங்க.”

அந்தச் சொல்லுக்காகவே அவள் சுபஹு தொழுத கையோடு கோவா அரியத் தொடங்கினாள். ஆனால் சீனி இறங்கவில்லை. காலில் சப்பாத்துக் கடித்த புண்ணும் ஆறவில்லை. “வேற என்ன சாப்பிடுறார்?” என்று டொக்டர் கேட்டபோது, “ஒண்டுமில்ல, நான் குடுக்கிறது மட்டும்தான்,” என்று அவருக்காக அடித்துச் சொன்னாள்.

ஒரு நாள் அவர் பெட்டியை மறந்துவிட்டுப் போனார். சூடாறுமுன் கொடுக்கலாமென்று துறைமுக வாசலுக்குப் போனாள்.

“சாப்பாட்டுக்கு அவர் ராத்தா வீட்டதானே போறவர், தெரியாதா?” என்றார் காவலாளி.

அவருடைய மூத்த சகோதரி பஸ்மியாவின் வீடு எதிர்ச் சந்தில்தான் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. அவர் கதிரையில் உட்கார்ந்து பாணைக் கடித்துக்கொண்டிருந்தார். பஸ்மியா இன்னொன்றைத் தட்டில் வைத்தாள். ரபீக்காவைக் கண்டும் அவள் தடுமாறவில்லை.

“மனிசனுக்குப் பசிக்காதா ரபீக்கா? நீ குடுத்துவிடுறத எங்கட கோழிதான் தின்னுது.”

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார்.

புண் மேலேறியது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். வார்டுக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பஸ்மியா அழுதாள்.

“என்ட தம்பிக்கு இலைகுழையக் குடுத்தே வத்த வச்சிட்டா. உடம்பில சத்திருந்தாப் புண் ஆறியிருக்கும்.”

வந்தவர்கள் ரபீக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். ரபீக்கா கணவரைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், “அந்தக் கோவா இறைச்சி செய்வீங்களா?” என்று கேட்டார். பிழிந்து, வதக்கி, அடுக்கி, முன்னைப்போலவே செய்தாள். துண்டு முழுவதையும் தின்றுவிட்டு, “நல்லா வந்திருக்கு,” என்றார்.

“ராத்தா வீட்டில பாண் சாப்பிட்டத வார்டில எல்லாருக்கும் முன்னால சொல்லியிருக்கலாமே.”

“அவ ராத்தா. கோவிச்சிருவா.”

“அப்ப நான் ஆரு?”

ரபீக்கா இன்னொரு துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்துவிட்டு, குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றபடியே தன் சோற்றைச் சாப்பிட்டாள். அதன்பிறகு அவள் அவரோடு இருந்து சாப்பிட்டதில்லை. அவரும் கூப்பிட்டதில்லை.