டூபலோ என்று எழுதும் உரிமை

தேனீப் பூச்சி தேனைப் பூவிலிருந்து எடுத்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் சொல்கிறேன், அது பொய். பூவில் இருப்பது வெறும் இனிப்புத் தண்ணீர். கொண்டு வருகிறவள் அதை வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தியின் வாயில் ஊட்டுகிறாள். அவள் அடுத்தவளுக்கு. நாக்கு நுனியில் இழுத்து இழுத்து உலர்த்தி, அடையில் துளித்துளியாக ஒட்டவைத்து, ராப்பகலாகச் சிறகால் விசிறித் தண்ணீரை விரட்டுகிறார்கள். பதம் வந்த பிறகுதான் மேலே மெழுகு மூடி போடுவார்கள். அதுவரை அது தேனே இல்லை.

இவ்வளவு தெரிந்தும் போன வருஷம் கெட்டேன். எங்கள் ஊர் அப்பலாச்சிகோலா ஆற்றுச் சதுப்பில் டூபலோ மரம் பூப்பது மூன்றே வாரம். பூக்குமுன் பழைய தேனையெல்லாம் வழித்துவிட்டுக் காலி அடை வைப்போம். அது முடியும்போதே மேட்டில் கால்பெரிப் புதர் பூத்துவிடும். அந்தச் சாறு கலந்தால் டூபலோ என்ற பேர் போச்சு. நான் யாரையும் நம்பாத ஆள். பூச்சியையும் நம்பவில்லை. கலந்துவிடும் என்று பயந்து, மூடி போடாத அடைகளை எந்திரத்தில் சுழற்றித் தேனை எடுத்துவிட்டேன். ஜூலை வெயிலில் தேன் புளித்துப் பொங்கி ஜாடி மூடிகள் தெறித்தன.

தேனீ வளர்ப்போர் சங்கத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்: இந்த வருஷமும் ஈரத்தேன் வந்தால் இனி என் ஜாடியில் டூபலோ என்று எழுதக்கூடாது. நாற்பத்தொரு வருஷம் எழுதிய பேர்.

இந்த மே மாதம் நாலாம் தேதி. என் தேனீப் பெட்டிகள் ஆற்றுக்கு மேல் மரமேடையில் வரிசையாக இருக்கின்றன. அடை கட்டிய ஒரு சட்டத்தை எடுத்துப் படுக்கையாகப் பிடித்து உதறினேன். மழைபோலச் சொட்டியது. பாதி அடைக்குக்கூட மூடி இல்லை.

பக்கத்து மேடைக்காரன் ஹாய்ட் படகை ஓரங்கட்டினான். அதில் அவன் எடுத்த தேன் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"யோவ் ஓடெல், இன்னுமா எடுக்கல? மேட்டுல கால்பெரி பூத்தாச்சுய்யா."

"தெரியும்."

"தெரிஞ்சா நிக்கிற? போன வருஷம் வெடி வெடிச்சே, இந்த வருஷம் கலப்படமா?"

"உன் சட்டத்த உதறிப் பாத்தியா?"

"கொஞ்சம் சொட்டுச்சு. மொத்தமா டிரம்முல ஊத்திட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். போய்யா, என் மேடை நிழல்ல இருந்து படக நகர்த்து."

அவன் போனதும் என் மனைவி வெர்லீன் கேட்டாள். "இப்ப என்ன செய்யப் போற? எடுத்தா புளிக்கும், விட்டா கலக்கும்."

"ரெண்டும் வேணாம். காலி அடை வச்ச பெட்டி எல்லாத்தையும் கொண்டா."

டூபலோ இருந்த மேல்பெட்டியைத் தூக்கி, அதற்கும் அடியில் முட்டை புழு இருக்கிற பெட்டிக்கும் நடுவில் ஒரு காலிப்பெட்டியைச் சொருகினேன். வெளியிலிருந்து பூச்சி கொண்டுவரும் கால்பெரிச் சாறு முதலில் எதிர்ப்படும் இந்தக் காலி அடையில் இறங்கட்டும். மேலே டூபலோ மட்டும் தனியாகக் காயட்டும். பெட்டி மூடியின் ஒரு ஓரத்தில் சுள்ளி வைத்துக் காற்றுக்கு வழிவிட்டேன். முப்பத்தாறு பெட்டி. இடுப்பு விட்டுப்போச்சு.

"இதுங்க உன் பேச்சக் கேக்குமா?" என்றாள்.

"உன்னவிடக் கேக்கும்."

"அப்ப ராத்திரி சோறும் அதுங்ககிட்டயே கேளு."

ராத்திரி பொரித்த மீனை அவள்தான் கொடுத்தாள்.

ஐந்து நாள். வாசல் பலகையில் பூச்சிகள் தலையைக் குனிந்து வாலைத் தூக்கி வரிசை கட்டி விசிறின. கிட்டே கையை வைத்தால் ஈரமும் இனிப்பு வாடையுமாகக் காற்று அடித்தது. தினம் ஒரு சட்டத்தை உதறினேன். இரண்டாம் நாள் சொட்டியது. மூன்றாம் நாள் இரண்டு துளி. ஐந்தாம் நாள் தோள் வலிக்க உதறினேன், ஒன்றும் இல்லை. அடை முழுக்க வெள்ளை மூடி, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. நடுப்பெட்டியில் கால்பெரிச் சாறு தனியாகத் தளும்பியது. அந்த இடத்திலேயே தொப்பியைக் கழற்றிக் கத்தினேன். ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டிருக்கும்.

மேல்பெட்டித் தேனை மட்டும் எடுத்து ஜாடியில் அடைத்தோம். பிறகு தேன் திருவிழா, சங்கத்தின் சோதனை அங்கேதான். மகரந்தத்தை வைத்து எந்தப் பூவின் தேன் என்று சொல்கிற ஆபீசுக்கு முந்தின வாரமே இரண்டு குப்பி அனுப்பியிருந்தேன், ஒன்று என் பேரில், ஒன்று வெர்லீன் பேரில். ஒரே தேன்தான். ஆள் பார்த்துச் சொல்வார்களோ என்று சந்தேகம். இரண்டுக்கும் டூபலோ என்றே வந்தது.

அடுத்து ஈரம். நூற்றுக்குப் பதினெட்டரை தாண்டக்கூடாது. நடுவர் அம்மா கண்ணாடிக் கருவியில் ஒரு துளி வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"பதினாறே முக்கால்!"

"இன்னொரு தடவ வைங்க."

"ஐயா, ஜெயிச்சிட்டீங்க."

"வேற ஜாடில எடுத்து வைங்கம்மா. உங்க கண்ணாடிய நான் நம்பல."

பதினாறே முக்கால். மூன்றாவது ஜாடியும் அதேதான். கூட்டம் சிரித்தது. அடுத்து ஹாய்டின் தேன், இருபதரை. தள்ளிவிட்டார்கள்.

ஹாய்ட் என் மேசைக்கு வந்தான். "நடுவுல காலிப்பெட்டி வச்சியாமே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு என் மேடை நிழல்ல நின்னப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சங்கத்துக்காரர் பேனாவைக் கொடுத்தார். என் எழுத்து கோணல். வெர்லீன் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள், நான் விடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு ஜாடியிலும் டூபலோ என்று என் கையாலேயே எழுதினேன். பெரிசாக.