ஆறாம் ஸ்தலத்துக் குளவிகள்

கொட்டச்சேட்டுக் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மேலே ஏறும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்து ஜெபித்து நடக்கிற சிலுவைப்பாதைக்காக, கோயிலைச் சேர்ந்த பங்குக்காரர்கள் அதில் பதினாலு ஸ்தலங்களுக்கும் மரப்பலகை நட்டிருந்தார்கள். ஒவ்வொரு பலகையின் அடியிலும் உபயம் செய்தவர் பேர் இருக்கும். ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலே அதன் மேல் பேர் எழுதுகிறவர்கள் நாம், பலகையை விடுவோமா? வெரோணிக்கம்மாள் இயேசுவின் முகத்தைத் துடைக்கிற ஆறாம் ஸ்தலத்தில், 'சவரியம்மாள் நினைவாக, கணவர் லாசர்' என்று நீலத்தில் எழுதியிருந்தது.

லாசர் எஸ்டேட்டில் தச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர். பலகையை இழைத்ததும் அவர்தான், எழுதியதும் அவர்தான். பெயிண்ட் தீர்ந்துவிட்டதென்று கோயில் சுவருக்கு அடித்து மிஞ்சிய நீலச் சுண்ணாம்பிலேயே எழுதிவிட்டார். மனைவி போனபிறகு அவர் வீட்டில் ரேடியோவைத் தவிர வேறு குரல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் வாய் திறப்பார். பதினாலாம் ஸ்தலத்தைத் தாண்டினால் அவர் வீடு. அதற்கும் அரை மைல் மேலே ஞானசுந்தரம் வீடு. பூசைக்கு இறங்கி வரும் ஞானசுந்தரம் வாசலில் நின்று, "லாசரு, இன்னும் சீவி முடிக்கலையா? இருக்கறதே நாலு முடி" என்பார். அப்புறம் கோயில்வரைக்கும் பேச்சு, திரும்பி வரும்போதும் பேச்சு. அந்த ஒரு நாள் பேச்சை வைத்துக்கொண்டுதான் லாசர் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார்.

ஞானசுந்தரத்தின் அம்மா பேர் வெரோணிக்கா. அதனால் ஆறாம் ஸ்தலம் தனக்கு வேண்டுமென்று அவர் கேட்டிருந்தார். சாமியார் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அது லாசருக்கு விழுந்தது. "எங்கம்மா எடத்துல உம் பொண்டாட்டி உக்காந்துட்டாளே" என்று ஞானசுந்தரம் வழியெல்லாம் சொல்லிச் சிரிப்பார். லாசரும் சிரிப்பார்.

இந்தத் தவக்காலத்தின் இரண்டாம் வாரம், சருகு கூட்டப் போன லாசர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். 'சவரி' வரைக்கும் எழுத்தைக் காணோம். யாரோ நகத்தால் சுரண்டினாற்போல் கோடு கோடாக வெளுத்திருந்தது. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். தனியாக இருக்கிற மனுஷனுக்கு ஒரு நினைப்பு வந்தால், அதைத் தட்டிவிட வீட்டில் ஆள் வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை ஞானசுந்தரம் வந்து கூப்பிடுவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார். பூசை முடிந்து ஜனங்கள் கோயில் முற்றத்தில் நிற்கும்போது, ஞானசுந்தரத்தின் முன்னால் போய் நின்றார்.

"செத்தவ பேரைச் சொரண்டித்தான் உங்கம்மாவுக்கு எடம் புடிக்கோணுமா?"

ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசுந்தரம் தன் இரண்டு கைகளையும் ஒருதரம் பார்த்தார். ரோட்டில் நின்ற, மேலே மஞ்சக்குட்டைக்குப் போகிற ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அவர் பாதையில் இறங்கி வரவில்லை. லாசர் தலை சீவி, கதவைத் திறந்து வைத்து, கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் அவர் பெயிண்ட் டப்பாவோடு ஆறாம் ஸ்தலத்துக்குப் போனார். எழுத மனசு வரவில்லை. எழுதினால் மறுபடி சுரண்டுவான், கையும் களவுமாகப் பிடித்தால் என்ன என்று எதிரே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தார்.

மனுஷர் யாரும் வரவில்லை. வந்தது ஒரு குளவி. மெலிந்த இடுப்பும் தொங்குகிற காலுமாகப் பலகையில் இறங்கி, எழுத்தின் மேல் வாயை வைத்து, பின்பக்கமாகவே நடந்தது. காட்டில் வேறு சத்தமே இல்லாததால் அது சுரண்டுவது கிறு கிறுவென்று நன்றாகவே கேட்டது. மரத்தூளைச் சின்ன உருண்டையாக உருட்டி எடுத்துக்கொண்டு பறந்தது. இன்னொன்று வந்தது. லாசர் எழுந்து பின்னாலேயே போனார். பத்தடி தள்ளி ஒரு மிளகுக் கொடியின் அடியில் கூடு தொங்கியது. பழைய காகிதம் போலச் சாம்பல் நிறம். அதற்குள் நூல் நூலாக நீலக் கோடுகள். சவரியம்மாளின் பேர் அதில்தான் இருந்தது.

இதைப் பிய்த்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்றுதான் கையை நீட்டினார். சுரீரென்று விரல் முட்டியில் கொட்டு விழுந்தது. கையை உதறிக்கொண்டு, அப்படியே மேலே ஏறி, தன் வீட்டையும் தாண்டி நடந்தார்.

ஞானசுந்தரம் வாசலில் காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். வீங்கிய கையைப் பார்த்தார்.

"கொளவிங்களா?"

"ஆமா."

உள்ளே போய்ச் சுண்ணாம்பு எடுத்து வந்து, லாசரின் விரலைப் பிடித்துப் பொறுமையாகத் தடவிவிட்டார். அந்தக் கை பிடித்திருக்கும்போதே லாசர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பலகை, குளவி, கூட்டில் நீலம், எல்லாம்.

"நீ செய்யலை ஞானசுந்தரம். கொளவிதான் செஞ்சுது. என் கண்ணாலயே பாத்தேன்."

ஞானசுந்தரம் சுண்ணாம்பு டப்பியை மூடினார். "நாப்பது வருசம் ஒண்ணா நடந்தமுங்க. நாஞ் செய்யலைன்னு உங்களுக்குக் கொளவி வந்து சொல்லோணுமுங்களா?"

இத்தனை வருஷத்தில் அந்த வாய் லாசரை 'நீங்க' என்று சொன்னதில்லை.

"தப்புத்தான். நாளைக்குச் சிலுவைப்பாதையில எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போடறேன்."

"சொல்லுங்க. அது உங்க இஷ்டம்."

"ஞாயித்துக்கெழம நடந்து போலாமா?"

"எனக்கு ஜீப்பு பழகிப்போச்சுங்க. முட்டியும் நொம்ப வலிக்குது. காப்பி குடிச்சுட்டுப் போங்க."

லாசர் காப்பியைக் குடித்தார். ருசி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறாம் ஸ்தலத்தில் ஜெபம் முடிந்து ஜனங்கள் எழும்போது, லாசர் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். ஞானசுந்தரத்தை அநியாயமாகப் பேசிவிட்டதையும், சுரண்டியது குளவி என்பதையும் சொன்னார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெபப் புத்தகம் பிடித்திருந்த ஆரோக்கியசெல்வி, "அண்ணே, அன்னிக்கே ஒருக்கா ஒக்காந்து பாத்திருக்கலாமுங்க" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். கூட்டத்தில் ஞானசுந்தரம் இல்லை. ஏழாம் ஸ்தலத்துக்குப் பாட்டு கிளம்பிவிட்டது. லாசர் எல்லாருக்கும் கடைசியில் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குள் நுழைந்தபோது ஞானசுந்தரம் முன்பே வந்து, வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லாசர் பக்கத்தில் போய்த் தயங்கி நின்றார். ஞானசுந்தரம் நிமிர்ந்து பார்க்காமல், முழங்காலை ஒதுக்கிக் கொஞ்சம் நகர்ந்தார். லாசர் உட்கார்ந்தார். பூசை முழுக்க இருவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடினார்கள்.

முடிந்ததும் ஞானசுந்தரம் புத்தகத்தை லாசர் கையில் கொடுத்து, "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு, ரோட்டில் நின்ற ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

லாசர் கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பாதையில் வெயில் இன்னும் விழவில்லை. ஏறத் தொடங்கினார்.