படத்தில் வந்த மாப்பிள்ளை

2019 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை காலை, கராட் நகரில் கிருஷ்ணையும் கொய்னையும் சேரும் படித்துறையில் ஹிராபாய் ஜகதாளேயின் பத்தாம் நாள் பிண்டம் வைக்கப்பட்டது. வெகு நேரமாகியும் காகம் அதைத் தொடவில்லை.

"இலையை அரசமரத்துப் பக்கம் தள்ளி வைம்மா," என்றார் குருஜி. "இங்க கூட்டம் மறைக்குது. காக்கா கண்ணுல படணும்ல."

மகள் உஜ்வலா குனிந்து இலையை இழுத்து வைத்தாள். பிண்டங்களுக்குப் பக்கத்தில் அம்மாவுக்குப் பிடித்தவை எல்லாம் இருந்தன. சோள ரொட்டி, நிலக்கடலைச் சட்னி, ஒரு தம்ளர் டீ, பல்லில் தேய்க்கிற புகையிலைப் பொடி டப்பி. டீயில் ஏடு படிந்துவிட்டது. ஒரு காகம் கிளையிலிருந்து இறங்கி, இலைக்கு இரண்டு முழம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு திரும்பிப் பறந்துபோயிற்று.

பக்கத்துப் படியில் வேறொரு குடும்பம். அவர்கள் இலையை வைத்துக் கையை எடுப்பதற்குள் ஒரு காகம் பிண்டத்தில் அலகை வைத்தது.

"எங்க மாமனாருக்கு எப்பவுமே முதல் பந்தியில உக்காரணும்," என்றான் அந்த வீட்டு ஆள். அவர்கள் சிரித்தபடி பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்கள்.

இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் தம்பி சர்ஜேராவ் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அக்காவுக்கு மனசுல என்னமோ இருக்கு. ஒவ்வொருத்தரா போய்ச் சொல்லுங்கப்பா."

சொல்வது என்றால் வாக்குக் கொடுப்பது. பிண்டத்துக்கு முன்னால் கைகூப்பி நின்று, போனவள் எதை நினைத்துத் தயங்குகிறாளோ அதை ஊகித்து, செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். எந்த வாக்குக்குக் காகம் இறங்குகிறதோ, அதுதான் அவள் மனதில் இருந்த குறை. கூடியிருப்பவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

முதலில் அண்ணன் ஹணமந்த் போனான். மழித்த தலை, ஈர வேட்டி. "ஆயி, உஜ்வலாவை நான் பாத்துக்கறேன்."

காகங்கள் அசையவில்லை.

"கல்யாணம் பண்ணிக்கறேன் ஆயி."

"பொண்ணு பாத்தாச்சா, இல்ல அதையும் காக்காதான் பாக்கணுமா?" என்றார் குருஜி. ஓரிருவர் உதடு விரித்தார்கள். மரம் அப்படியே இருந்தது.

இந்துச் சின்னம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அக்கா, ஆஷாடத்துல உன் பேரைச் சொல்லிப் பண்டரிபுரத்துக்கு நடந்தே போறேன்."

ஒரு காகம் இந்தக் கிளையிலிருந்து அந்தக் கிளைக்கு மாறியது.

"உன் முட்டியோட லட்சணம் காக்காவுக்கும் தெரியும்போல," என்றார் மாமா.

அதன் பிறகு யாரும் எழவில்லை. எல்லோரும் ஆற்றையோ மரத்தையோ பார்த்தார்கள். கடைசிப் படியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அங்கே உஜ்வலாவின் கணவன் தத்தா, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று, ஏற்கெனவே கழுவிய செம்பை மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், கரும்பு வெட்டக் கூலிகளைக் கூட்டிவரும் தலைவன் ஒருவன் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தான். அவன் கடைசியாக ஏறிப்போனது ஹணமந்த் ஓட்டிய டிராக்டரில். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது. ஹணமந்த் ஆறு வருடம் சிறையில் இருந்தான். அந்த ராத்திரி அவன் சர்க்கரை ஆலையின் எடைமேடை வரிசையில் நின்றதற்குச் சாட்சி கிடைத்து, மேல்கோர்ட்டு அவன் குற்றமற்றவன் என்று விட்டது. கொன்றவன் யார் என்று யாருக்கும் இன்றுவரை தெரியாது.

பிறகு மும்பையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். பெயர்களை மாற்றினார்கள்; மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டார்கள். செய்யாத கொலைக்குச் சிக்கியவன் கதை. ஆனால் கொன்றவன் யார் என்று காட்டாமல் படத்தை முடிக்க முடியாதே. கடைசிக் காட்சியில் அவன் அகப்படுகிறான். கதாநாயகனின் தங்கை புருஷன். டயர்க் கடை வைத்திருப்பவன்.

தத்தா மல்காப்பூர்ச் சாலையில் டயர்க் கடை வைத்திருந்தான்.

நவம்பரில் படம் வந்தது. கரும்புப் பருவம், ராத்திரியெல்லாம் ட்ராலி டயர்கள் வெடிக்கும் காலம். மற்ற வருடங்களில் கடை முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டும். இந்த வருடம் ஒரு மைல் தள்ளியிருக்கும் கடையில் வரிசை கட்டின. வேலை செய்த இருவரும் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதாக மகள் வந்து சொன்னாள்: "உங்கப்பா எப்ப ஜெயிலுக்குப் போவாரு?"

உஜ்வலாவும் படம் பார்த்தாள். அதில் அந்த மாப்பிள்ளை கொலை செய்த ராத்திரி வீட்டுக்கு வந்து, பின்கட்டுக் குழாயடியில் சோப்புத்தூளைக் கொட்டிக்கொண்டு, நிற்காமல் கை கழுவுகிறான். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். தத்தாவும் தினமும் அப்படித்தான் கழுவுவான், டயர்க் கரி அவ்வளவு சுலபத்தில் போகாது. படம் பார்த்த அன்றைக்கு அவன் பின்கட்டில் கை கழுவும்போது அவள் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். திரும்பிய தத்தா அவளைப் பார்த்தான். மறுநாளிலிருந்து கடையிலேயே கழுவிக்கொண்டு வரத் தொடங்கினான்.

அம்மா அந்தப் படத்தை மகனோடு உட்கார்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் மாப்பிள்ளை வந்தால் உள்ளே எழுந்துபோய்விடுவாள். பத்து நாளுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் தத்தா கட்டிலருகே போய் "ஆயி" என்று கூப்பிட்டான். அம்மா கண்ணைத் திறந்தாள். பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமா பார்த்தார், சின்னம்மா பார்த்தாள், ஊசி போட வந்த நர்ஸும் பார்த்தாள். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

"மாப்பிள்ளை," என்று மாமா இப்போது கூப்பிட்டார். குரலில் மரியாதை இருந்தது. "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

தத்தா செம்பைப் படியில் வைத்தான். "நான் என்ன சொல்லணும் மாமா?"

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

"மனசுல இருக்கறதா, படத்துல இருக்கறதா?"

"நான் ஒண்ணும் சொல்லலையேப்பா. மாமியாரோட இலைமுன்னாடி வந்து நிக்கச் சொன்னேன். அதுல என்ன பயம்?"

பக்கத்துக் குடும்பம் கழுவுவதை நிறுத்திவிட்டது. யாரோ ஒருவன் மெதுவாக, "இவருதான் அவரு," என்றான். இன்னொருவன் கைப்பேசியை எடுத்தான்.

உஜ்வலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவன் போய் நின்று "நான் எதுவும் செய்யல" என்று சொல்லிக் காகம் வராவிட்டால், அதுவே தீர்ப்பு. அவன் சொன்னதும் காகம் வந்துவிட்டால், குற்றத்தை மனசுக்குள் ஒத்துக்கொண்டுவிட்டான், அதில் அக்கா மனசு ஆறியது என்பார்கள். போகாமல் நின்றால், பயந்துவிட்டான் என்பார்கள். வந்தாலும் வராவிட்டாலும் அவன்தான். ஊர் அதைச் சாயங்காலத்துக்குள் பேசி முடித்துவிடும்.

தத்தா கால்சட்டையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு படியேறினான். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் ஏறினான்.

"நில்லுங்க," என்றாள் உஜ்வலா.

நின்றான்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "தாதா, உன்னை ஒண்ணு கேக்கணும். சினிமாக்காரங்ககிட்ட நீ என்ன சொன்னே?"

"இது அதுக்கு எடமா உஜ்ஜு?"

"ஆயி இங்கதான இருக்கா. இதான் எடம். அந்தக் குழாயடி சீன் எங்கேருந்து வந்துச்சு? அவங்க யாரும் எங்க வீட்டுப் பின்கட்டைப் பார்த்ததில்லையே."

ஹணமந்த் தன் மழித்த தலையைத் தடவினான். பத்து நாளாக அவன் யாரையும் நேராகப் பார்க்காதது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. துக்கம் என்று நினைத்திருந்தாள்.

"நான் சொன்னதுதான்," என்றான் கடைசியில். "தமாஷாச் சொன்னேன். எங்க மாப்பிள்ளை கடைய விட்டு வந்தா கை கழுவவே அரைமணி ஆகும், தங்கச்சி சோத்தைப் போட்டுக்கிட்டுக் காத்துக் கெடப்பான்னு. அவங்க சிரிச்சாங்க. எழுதிக்கிட்டாங்க."

"அவரு பேரைச் சொன்னியா?"

"யாரா இருக்கும்னு நெனைக்கிறீங்கன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். தினம் வந்து கேட்டாங்க. தங்கச்சி வீட்டுக்காரரு எப்படின்னாங்க." அவன் ஈர வேட்டி நுனியைப் பிழிந்தான். "நான் பேசாம இருந்தேன்."

"பேசாமன்னா?"

"இல்லைன்னு சொல்லல. போலீஸ்ல தொங்கவிட்டு அடிச்சானுங்க, யாரு பேரையாவது சொல்லுடான்னு. சொல்லலையே. இவங்க டீ வாங்கிக் குடுத்துக் கேட்டாங்க. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவங்களுக்கு அது போதுமா இருந்துச்சு."

"ஏன் தாதா?"

"ஆறு வருஷம்," என்றான் ஹணமந்த். இப்போது தத்தாவைப் பார்த்தான். "உஜ்ஜு, நீ ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வருவே. ஆயி வருவா. இவரு ஒரே ஒருதரம்கூட என்னைப் பாக்க வரல. கம்பிக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் மாமன் மச்சான் வருவான். எனக்கு வரல. அதான். வேற ஒண்ணுமில்ல."

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"பயம்," என்றான் தத்தா. "ஸ்டேஷன்ல கூப்பிட்டு உக்காரவெச்சாங்க. அடிக்கடி பாக்கப் போனா உன்னையும் கேஸ்ல ரெண்டாவது ஆளாச் சேத்துருவோம்னாங்க. பாப்பா அப்ப கைக்குழந்தை. போகல." பிறகு, "போயிருக்கணும்," என்றான்.

மாமா குறுக்கே வந்தார். "சரி சரி, ஆத்தங்கரையில எதுக்கு இதெல்லாம்..."

"நீங்கதான மாமா மனசுல இருக்கறதைச் சொல்லச் சொன்னீங்க," என்றாள் உஜ்வலா. பிறகு அண்ணனிடம், "எங்கிட்ட சொன்னதை ஆயிகிட்ட சொல்லு. கேக்கற மாதிரி சொல்லு. அவ அதைத் தெரிஞ்சுக்காமப் போய்ட்டா."

ஹணமந்த் இலையின் முன்னால் போய் நின்றான். கைகூப்பினான்.

"ஆயி. மாப்பிள்ளை எதுவும் செய்யல. படத்துல வந்தது பொய். அந்தப் பொய்க்கு எடம் குடுத்தது நான்."

பக்கத்துப் படிவரை கேட்டது. கைப்பேசி வைத்திருந்தவன் அதைக் கீழே இறக்கினான்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தத்தாவும் பார்த்தான். உஜ்வலா பார்க்கக்கூடாது என்று நினைத்து, முடியாமல் பார்த்தாள். ஒரு காகம் சிறகை விரித்தது. கழுத்தை நீட்டிக் கீழே நோக்கியது. சிறகை மடக்கிக்கொண்டது.

வெயில் ஏறியது. பிண்டத்தின் மேல்பக்கம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. சின்னம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். குருஜியின் கைப்பேசி இருமுறை அடித்து ஓய்ந்தது.

"முன்னெல்லாம் இங்க காக்கா வரிசையில நிக்கும்," என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "இப்ப மார்க்கெட்ல கோழிக்கடை வந்ததுலேருந்து அதுங்களுக்குச் சோத்து உருண்டை பிடிக்கறதில்ல."

"அக்கா இன்னும் மனசு எறங்கல," என்றார் மாமா.

"தர்ப்பையில பண்ணிடுங்க குருஜி," என்றாள் உஜ்வலா.

மாமா அதிர்ந்து பார்த்தார். நிஜக் காகத்துக்குப் பதில் தர்ப்பைப் புல்லில் காகம் முறுக்கிப் பிண்டத்தைத் தொட்டால், அந்த வீட்டாரால் போனவளின் குறையைத் தீர்க்க முடியவில்லை என்று பொருள். அடுத்த வருடத் திதிவரை சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்மா. ஊரு என்ன சொல்லும்?"

"சொல்றதைச் சொல்லட்டும் மாமா. இவரை இதுக்கு மேல வெயில்ல நிக்கவெக்க மாட்டேன்."

குருஜி ஹணமந்தைப் பார்த்தார். அவன் தலையசைத்தான். அவர் நாலைந்து தர்ப்பைப் புற்களை மடித்து முறுக்கி, அலகுபோல ஒரு முனையை நீட்டி விட்டார். ஹணமந்த் அதை வாங்கிப் பிண்டத்தைத் தொட்டான். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. போகும்போது சின்னம்மா தத்தாவிடம், "சாப்பிட வந்துடுங்க," என்றாள். மாமா அவனைச் சுற்றிக்கொண்டு போனார்.

பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்த மறுநாள், ஹணமந்த் மல்காப்பூர்ச் சாலைக்குப் போனான். தத்தாவின் கடைக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துவந்து, சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வாசலில் போட்டு உட்கார்ந்தான். இந்த ஊரில் அவன் முகம் தெரியாதவர் கிடையாது. மத்தியானம் உஜ்வலா இருவருக்குமாகச் சோறு கொண்டுபோனாள். அவர்கள் சேர்ந்து சாப்பிட்டார்கள். கரும்பு ட்ராலிகள் வேகத்தைக் குறைத்து, பார்த்து, கடந்து போயின.

உஜ்வலா பாத்திரங்களைத் திரும்ப எடுத்துப்போகச் சாயங்காலம் வந்தபோது, ஆலைப் பக்கமிருந்து வந்த ஒரு டிராக்டர் கடைக்கு முன்னால் நின்றது. ட்ராலியின் பின்சக்கரம் ஒன்று தட்டையாகியிருந்தது. ஓட்டுநர் இறங்கவில்லை. ஸ்டூலில் இருந்தவனைப் பார்த்தான். உள்ளே இருந்தவனைப் பார்த்தான். பிறகு எஞ்சினை அணைத்தான்.