தாம்பாளத்தில் வைத்த பாஸ்வேர்டு

புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் கருத்தரங்கு முடித்துவிட்டு வந்த ராஜ்கமல், வந்த கையோடு 'கஸ்டமர்' என்ற சொல்லுக்குத் தடை விதித்தார். இனிமேல் எல்லாரும் 'கிளையண்ட் பார்ட்னர்'. மறந்துபோய்ப் பழைய சொல்லைச் சொல்லிவிட்ட பக்கிரியை அவர் பார்த்த பார்வையில், பக்கிரி அன்று முழுவதும் வீடு கட்டச் சொன்னவர்களை 'அவுங்க' என்றே சொல்லிச் சமாளித்தார்.

கடலூர் செம்மண்டலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அலுவலகம். அப்பா காலத்தில் 'தேவநாதன் மேஸ்திரி' என்றால் போதும். மகன் ராஜ்கமல் எம்.டி. ஆனதும் அது 'ஆர்.கே. ஹேபிடாட் கான்செப்ட்ஸ்' ஆனது. இருந்த இரண்டே ஊழியர்களுக்கும் பதவிகள் நீண்டன. சைட்டில் நின்று வேலை வாங்கும் பக்கிரி, 'ஹெட், ஃபீல்டு ஆபரேஷன்ஸ்'. வரைபடம் போடுவதிலிருந்து போன் எடுப்பது வரை பார்க்கும் சந்திரலேகா, 'லீட், கிளையண்ட் எக்ஸ்பீரியன்ஸ்'. மதியம் டீ சொல்வதும் அந்த எக்ஸ்பீரியன்ஸில் அடக்கம்.

"லேகா, நம்ம சாஃப்ட்வேர்ல கிளையண்ட் ஆக்சஸ் சரியில்ல. யாரு எதைப் பாக்கலாம், எதைப் பாக்கக் கூடாதுன்னு கிளியரா பிரிச்சிடணும். வெளிப்படைத்தன்மைதான் நம்ம பிராண்டு" என்றார் ராஜ்கமல்.

"எதெல்லாம் பாக்கலாம் சார்?"

"நாம காட்டுறதை."

எந்த வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது, கம்பி வந்ததா, பூச்சு காய்ந்ததா என்று எல்லாவற்றையும் எழுதிவைக்கும் மென்பொருள் அது. வீட்டுக்காரர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. அதில் புகைப்படங்களும் முடிவான வரைபடங்களும் மட்டும் தெரியும். அலுவலகத்துக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புகள் ஊழியர் கணக்குக்கு மட்டும்.

சந்திரலேகா உறுப்பினர் பட்டியலைத் திறந்தாள். தான், பக்கிரி, எம்.டி., வீட்டுக்காரர்கள். கடைசியில் 'சைட் இன்ஜினியர் 2' என்று ஒரு ஊழியர் கணக்கு. அந்தக் கம்பெனியில் சைட் இன்ஜினியர் ஒன்றே கிடையாது. என்றைக்காவது ஆள் எடுத்தால் இருக்கட்டும் என்று எம்.டி. உண்டாக்கி வைத்த கணக்கு. ஆனால் கடைசியாக உள்ளே வந்த நேரம் என்ற இடத்தில், இன்று காலை ஐந்து நாற்பது என்று இருந்தது.

அந்தக் கணக்கை யார் கையில் கொடுத்தோம் என்று அப்போதுதான் நினைவு வந்தது.

பதினாலு மாதத்துக்கு முன்னால், சிதம்பரத்தில், லூர்துசாமி சார் வீட்டுக்கு வாசக்கால் வைத்த வெள்ளிக்கிழமை. பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வாசக்கால் வைக்கும் அன்று தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்து, நடுவில் லேமினேட் செய்த அட்டையில் வீட்டுக்காரருக்கான யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் வைத்துக் கொடுப்பது ராஜ்கமலின் சொந்தக் கண்டுபிடிப்பு. அன்று புதுக் கணக்குக்குப் போனில் வரவேண்டிய ஓ.டி.பி. வரவில்லை. சிக்னல் ஒரு கோடு காட்டியது, அதுவும் போனது. மணி பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம்.

"சாருதான் ராகு காலம்லாம் பாக்க மாட்டாரே, அவுங்க மாதா கோயிலுக்குப் போறவங்க" என்றாள் சந்திரலேகா.

"ராகு காலம் கம்பெனிக்கு லேகா. ஏதாவது ஒரு பாஸ்வேர்டை வெச்சி ஒப்பேத்து. திங்கக்கெழம மாத்திக்கலாம்."

அவளுக்கு மனப்பாடமாக இருந்தது 'சைட் இன்ஜினியர் 2' கணக்கின் பாஸ்வேர்டு ஒன்றுதான். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கொண்டுவந்தாள். பத்து இருபத்தெட்டுக்கு லூர்துசாமி அவளிடமிருந்து தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி, அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பின் எத்தனையோ திங்கட்கிழமைகள் வந்து போயின.

ஆக, இந்தப் பதினாலு மாதமும் அவர் எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

அவர் வீட்டுக் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் கண் போல ஒரு சின்னம். அதைத் தொட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று வரும். அதுவரை ஒருவரும் அதைத் தொட்டதில்லை. தேடிய குறிப்பு போன வருஷம் ஆடி மாதத்தில் கிடைத்தது.

முன்பக்க அறை ஜன்னலைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வைக்கச் சொல்லி லூர்துசாமி நாலு முறை போன் செய்திருந்தார். "படுத்திருந்தாலும் தெருவு தெரியணும்மா, அதான்" என்பார். யார் படுத்திருந்தால் என்று அவர் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. "ஒன்றரை அடியில ஜன்னலு வெச்சா ஆடு தலைய நீட்டும்" என்று பக்கிரி எழுதியிருந்தார். அதற்குக் கீழே சந்திரலேகா:

'ஜன்னல் சார் கட்டில்ல படுத்துக்கிட்டே தேர் பாக்கணுமாம். தேரை அந்தத் தெருவுக்குத் திருப்பிவிட நடராஜரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம்.'

பக்கிரி சிரித்து உருளும் பொம்மைகள் ஏழு போட்டிருந்தார். எம்.டி. கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அன்றைக்கு அவளுக்கு எத்தனை பெருமை! அன்று முதல் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஜன்னல் சார்தான்.

அடியிலிருந்த கண் சின்னத்தைத் தொட்டாள். 'சைட் இன்ஜினியர் 2, காலை 5.52.'

குறிப்பு எழுதிய மறுநாள் அது. அன்று காலை ஏழு மணிக்கு அவர் போன் செய்தது இப்போது நினைவுக்கு வந்தது. "வேண்டாம்மா, நீங்க வெக்கிற ஒசரமே இருக்கட்டும். ஒங்களுக்குத் தெரியாததா." ஒரு ரோதனை விட்டது என்று பக்கிரிக்கு உடனே சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஜன்னல் மூன்றடியில் ஏறிவிட்டது. வீடும் முடிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம், பாதிரியார் வந்து மந்திரிக்கிறார்.

விஷயத்தைக் கேட்ட ராஜ்கமல் முதலில் தான் எழுதியவற்றைத் தேடிப் படித்தார். பெரும்பாலும் கட்டைவிரல்தான் என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது.

"உடனே மூடு அந்தக் கணக்கை."

"ஒரு சாரி சொல்லிடலாமா சார்?"

"சாரி சொன்னா தப்பு நம்மளுதுன்னு ஆயிடும். அவருக்குப் புதுசா கிளையண்ட் கணக்கு குடு. நாம எழுதுற எதுவும் எம்.டி. அப்ரூவல் இல்லாம அந்தப் பக்கம் போகக் கூடாது."

சந்திரலேகா இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் செய்தாள். பார்க்க ஒரு படி, பதில் எழுத ஒரு படி, ஒப்புதலுக்கு ஒரு படி. வேலை சுத்தமாக அமைந்தது. ஓர் ஓட்டை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் 'சைட் இன்ஜினியர் 2' மூடப்பட்டார்.

ஞாயிறு காலை சிதம்பரத்தில் பாதிரியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். பின்னாலேயே ராஜ்கமல், படத்தில் விழுகிற மாதிரி நின்று நின்று நடந்தார். சந்திரலேகா முன்பக்க அறை வாசலில் நின்றுவிட்டாள்.

அறையில் ஒரு கட்டில். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் அடுக்காக மூன்று சிமெண்டு பிளாக்குகள், சைட்டில் மிஞ்சியவை. அத்தனை உயரத்தில், ஜன்னல் மட்டத்துக்கு, ஒரு அம்மாள் படுத்திருந்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் மட்டும் தெருவில் இருந்தது. தெருவில் ஒரு பையன் சைக்கிள் கற்றுக்கொண்டிருந்தான். அவன் விழுந்ததும் அந்த அம்மாளின் பாதி வாய் சிரித்தது.

"சின்னம்மாள், என் வீட்டுக்காரி" என்றார் லூர்துசாமி, பின்னால் வந்து நின்று. "மூணு வருஷமாச்சி, இப்பிடித்தான். இப்ப நல்லா தெரியுது அவளுக்கு." கஞ்சி டம்ளருடன் ஒரு முக்காலியில் ஏறினார். ஏறும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார் என்று அவள் கணக்குப் போடத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"சார், நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா..."

"சொல்லத்தான் நெனச்சேன். அப்பறம் வேண்டாம்னு விட்டுட்டேன்."

இறங்கி வந்து அலமாரியிலிருந்து அந்த லேமினேட் அட்டையை எடுத்தார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, அவள் கொடுத்தது போலவே இரண்டு கையாலும் நீட்டினார்.

"நேத்து சாயங்காலத்துலருந்து தெறக்க மாட்டேங்குது. நானும் முப்பது வருஷம் லைப்ரரியில இருந்தவன், எழுத்துன்னா விட மாட்டேன். எல்லாத்தையும் படிச்சேன். பக்கிரிக்குச் சுத்தமா எழுதத் தெரியல. நீ நல்லா எழுதுறம்மா. ரெண்டு வரியில ஆளைக் கண்ணு முன்னாடி நிறுத்திடுற."

அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு அழவாவது செய்திருக்கலாம். அதற்குள் ராஜ்கமல் உள்ளே வந்து, "சார், ஒரு சின்ன ஃபீட்பேக்" என்று போனை நீட்டினார். லூர்துசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஐந்து நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் ராஜ்கமல் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் யாரோ மனை காட்டுகிறார்கள் என்று காரில் போய்விட்டார். சந்திரலேகா கடலூர் பஸ்ஸில் ஏறி, போனில் மென்பொருளைத் திறந்தாள். நேரில் வராத வார்த்தை எழுத்தில் வந்தது. 'முன்பக்க அறை ஜன்னலை ஒன்றரை அடிக்கு இறக்க வேண்டும். செலவு நம்முடையது. சார், அன்று அப்படி எழுதியது என் தப்பு. மன்னியுங்கள்.' கிளையண்ட்டுக்கு அனுப்பு என்பதை அழுத்தினாள்.

'எம்.டி. ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்றது அது. அவளே இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய வாசகம்.

முட்லூர் தாண்டியபோது பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டது. காரணம்: 'கிளையண்ட் பார்ட்னர் ஹேப்பி. ஃபைவ் ஸ்டார். ஏன் கிளறணும்?'

சரி, போன் இருக்கிறதே. பெயர்ப் பட்டியலில் லூ என்று தேடினாள், வரவில்லை. பிறகுதான் உறைத்தது. ஜ-வில் இருந்தது. 'ஜன்னல் சார்.' அதை அழித்து லூர்துசாமி சார் என்று அடித்து, சேமித்து, அப்புறம் அழைத்தாள்.

"சொல்லும்மா. பஸ்ஸு கெடைச்சிதா?"

"கெடைச்சிது சார்."

"உக்கார எடம்?"

பக்கத்தில் கண்டக்டர் சில்லறை கேட்டு நின்றார். ஜன்னல் ஓரச் சீட்டுதான். வெளியே உப்பங்கழி வெயிலில் மின்னிக்கொண்டே கூட வந்தது.

"கெடைச்சிது சார்" என்றாள்.

"அப்ப சரி. பாத்துப் போ" என்று அவர் வைத்துவிட்டார்.