பத்துக் கால் கோழி

ஸ்டூடியோக்காரருக்குக் கை சும்மா இருக்காது. கடைக்கு வந்து உட்காரும் முகத்தில் பரு, தழும்பு, கலைந்த முடி என்று எது இருந்தாலும் கம்ப்யூட்டரில் துடைத்தெடுத்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவார். பாஸ்போர்ட்டுக்கு வந்த ஒருவரின் அங்க அடையாள மச்சத்தையே ஒருமுறை அழித்துக் கொடுத்து, அந்த மனிதர் கடை வாசலில் நின்று கத்தியதும் உண்டு.

"உங்ககிட்ட படம் எடுத்தா பெத்தவளுக்கே ஆள் தெரியாது" என்பாள் மனைவி.

அவளுக்குப் பறவைப் பித்து. கடைக்கு விடுமுறை என்றால் விடியும்போது இருவரும் சதுப்புநிலச் சரணாலயத்தில் இருப்பார்கள். அவள் பைனாகுலரில் பார்த்துச் சொல்வாள். அவர் படம் எடுப்பார்.

அன்று மட்டும் இருவருக்கும் ஒரே கவலை. கரையில் நீர்க்கொடி வெட்டும் இயந்திரம் வந்து நின்றிருந்தது. படகுத்துறை கட்டுவதற்காக, பறவைகளை ஒளிந்து பார்க்கும் மறைவுக்குடிலுக்கு எதிரே இருக்கும் தாமரைப் படுகையை மதியம் வழித்தெடுக்கப் போகிறார்கள். அங்கே இலைக்கோழி ஒன்று குஞ்சு பொரித்திருப்பதைப் போன வாரம் அவள் பார்த்திருந்தாள். சரணாலய அதிகாரியிடம் சொன்னதற்கு, "நான் நம்புறேன் மேடம். மேல இருக்கறவங்க நம்பணுமே? குஞ்சோட ஒரு படம் குடுங்க, மெஷினைத் திருப்பி அனுப்பிடறேன்" என்றிருந்தார்.

குடிலின் பலகைச் சன்னல் வழியே ஸ்டூடியோக்காரர் லென்ஸை நீட்டினார். பனி விலகிக்கொண்டிருந்தது. முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, யாரும் எதிர்பாராத இடத்தில் தலையைத் தூக்கியது. நாணல் ஓரம் நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தன, தரை சுடுகிறதோ என்பதுபோல.

"அதோ, வந்துட்டாரு" என்றாள் மனைவி.

தாமரை இலைமேல் இலைக்கோழி. முதுகு துலக்கிய செம்பு. கண்ணுக்கு மேல் ஒரு வெள்ளைக் கீற்று. விரல்களோ, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். அந்த விரல்களை விரித்து எடையைப் பரப்பி, மிதக்கும் இலைமேல் தெருவில் நடப்பதுபோல் நடந்தது. இலை அமுங்கியது, ஆனால் முழுகவில்லை. ஸ்டூடியோக்காரர் படம் எடுக்கவும் மறந்து பார்த்தார்.

"வந்துட்டாரா? அம்மாக்காரி இல்லையா?"

"இதுங்கள்ல பிள்ளை வளர்க்கிறது முழுக்க அப்பா வேலை. முட்டையைப் போட்டுட்டு அம்மா அடுத்த வீட்டுக்குப் போயிடுவா. கேட்டுக்கோங்க."

"கேட்டேன், கேட்டேன். குஞ்சு எங்க?"

அப்போது தலைக்குமேல் நிழல் ஓடியது. பருந்து. உள்ளான்கள் கூட்டமாகக் கத்திக்கொண்டு எழுந்தன. அவள் பைனாகுலரைப் பருந்தின் பக்கம் திருப்பினாள். இலைக்கோழி இலைமேல் உட்கார்ந்து இறக்கையை லேசாக விரித்தது. பிறகு எழுந்து நாணலை நோக்கி விறுவிறுவென்று நடந்தது. ஸ்டூடியோக்காரர் விரலை எடுக்காமல் படங்களைச் சுட்டுத் தள்ளினார். பருந்து போன பிறகும் கோழி வெளியே வரவில்லை. குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

வெயில் ஏறியதும் அதிகாரியின் அறைக்குப் போனார்கள். மனைவி முகம் கழுவப் போன நேரத்தில் ஸ்டூடியோக்காரர் லேப்டாப்பைத் திறந்து, இருப்பதில் நல்ல படமாக ஒன்றைப் பொறுக்கி, வழக்கம்போல் கை வைத்தார். அவள் திரும்பி வந்தபோது படம் திரையில் பளிச்சென்று நின்றது.

அதிகாரி அசந்துபோனார். "காலண்டருக்கே போடலாம் சார். ஆனா குஞ்சு இல்லையே."

மனைவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பருந்து கொண்டுபோயிருக்கும்" என்றாள். "ஒண்ணுகூட மிச்சமில்லாம."

அவர் அவளைத் தேற்றப் பார்த்தார். "படமாவது நல்லா வந்திருக்கு பாரு. வயித்துக்குக் கீழ குச்சி குச்சியா தொங்கிட்டு இருந்தது, எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டேன்."

"என்ன குச்சி?"

"என்னமோ, வைக்கோல் மாதிரி. ஒட்டிக்கிட்டிருந்தது."

"ஏங்க, அழிக்காத படம் இருக்கா?"

"கார்டுல இருக்கு. ஏன்?"

"திறங்க. திறங்கன்னா!"

திறந்தார். அவள் திரையைப் பெரிதாக்கினாள். இறக்கைக்கு அடியில் வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் நாலு. ஒவ்வொன்றின் முனையிலும் மெல்லிய நீள விரல்கள்.

"குச்சி இல்லைங்க, காலு! நாலு குஞ்சையும் அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஓடியிருக்காரு. படிச்சிருக்கேன், பார்த்ததே இல்லை." அவள் அவர் தோளில் ஒரு குத்து விட்டாள். "பாவி மனுஷா! நாலு உசிரைத் துடைச்சு எடுத்துட்டு, வைக்கோலுங்கறீங்களே!"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு எண்ணினார். "தன்னோடது ரெண்டு, பிள்ளைங்களோடது எட்டு. பத்துக் கால் கோழி! இதைவிட ஆதாரம் என்ன வேணும்?" போனை எடுத்து, இயந்திரத்தைத் திருப்பி ஓட்டச் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்தார். "நான் ஒரு தடவை பார்த்துடறேனே."

மூவரும் குடிலுக்கு வந்தார்கள். இயந்திரம் உறுமிக்கொண்டு கரையேறிப் போகும் சத்தம் தேய்ந்தது. நாணல் அசைந்தது. இலைக்கோழி வெளியே வந்து, அகன்ற இலை ஒன்றின் நடுவில் நின்று, இறக்கையைத் தளர்த்தியது. பஞ்சு உருண்டை ஒன்று கீழே விழுந்து எழுந்தது. அடுத்து இன்னொன்று. மூன்றாவது விழுந்த வேகத்திலேயே பூச்சி தேடப் போய்விட்டது.

"நாலாவது எங்க?" அதிகாரி அவள் கையிலிருந்த பைனாகுலரைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார். "மேடம், நாலாவது வரலையே!"

"வரும் சார், பொறுங்க."

தகப்பன் கோழி உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. நாலாவது இறக்கைக்குள்ளிருந்து நழுவி, இலையைத் தவறவிட்டுத் தண்ணீரில் விழுந்தது. அது கலங்காமல் நீந்தி வந்து, இலை விளிம்பில் தன் பெரிய கால் ஒன்றைப் போட்டு ஏறி, அப்பனுக்குப் பின்னால் நடந்தது.