எடெல்மிராவின் தனிவழிக் குழாய்

தெமூக்கோ ஊரில் பித்தப்பைக் கல் இல்லாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சந்தையில் பூசணி ரொட்டி பொரித்து விற்கும் எடெல்மிராவுக்கும் கல். அறுவை மேசையில் படுத்த பிறகும் அவள் வாய் ஓயவில்லை. மருமகனின் சமையலைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தபோதே நான் மயக்க மருந்தை ஏற்றினேன்.

அறுவை செய்தவள் மில்லராய். எங்கள் மருத்துவமனையிலேயே வேகமான கை. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை நுழைத்து, பித்தப்பையைச் சுற்றியிருந்த கொழுப்பை மளமளவென்று விலக்கிக்கொண்டே வந்தாள். பைக்குப் போவது ஒரு குழாய், ஒரு ரத்தக்குழாய் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் வெட்டலாம். ஆனால் இங்கே அந்தக் குழாயின் நடுவில், ஈரல் பக்கமிருந்து இன்னொரு மெல்லிய குழாய் வந்து ஒட்டியிருந்தது. மில்லராயின் கை நின்றது.

"ஒஸ்வால்தோவைக் கூப்பிடுங்க" என்றாள்.

போன மாத விருந்தில் கால்பந்தைப் பற்றிச் சண்டை போட்டதிலிருந்து அவளுக்கும் அந்த ஈரல் மருத்துவனுக்கும் பேச்சே கிடையாது.

"அவனையா?" என்றேன்.

"ஈரல்ல அவன்தான் புலி. என் ரோஷத்த அப்புறம் பாத்துக்கலாம்."

ஒஸ்வால்தோ வந்தான். வணக்கம்கூடச் சொல்லாமல் திரையைப் பார்த்தான். குழாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கலாம் என்றான். படத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஈரலின் வலப்பக்கக் கிளை ஒன்று, பெரிய பித்தக்குழாயில் நேரே சேராமல் பித்தப்பையின் குழாயில் வந்து விழுகிறது. அந்த இணைப்புக்குக் கீழே, பெரிய குழாய்ப் பக்கம் கிளிப் போட்டு அடைத்திருந்தால் ஈரலின் அந்தப் பகுதிப் பித்தத்துக்குப் போக வழியே இருந்திருக்காது. மில்லராய் இணைப்புக்கு மேலே, பையை ஒட்டி கிளிப் போட்டு வெட்டினாள். தையல் முடியும்வரை ஒஸ்வால்தோ நகரவில்லை.

கையுறையைக் கழற்றும்போது, "நல்ல நேரத்துல நிறுத்தின" என்றான்.

"நீயும் ஒழுங்கா வந்துட்ட" என்றாள் அவள். பிறகு காப்பி குடிக்க இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள்.

மறுநாள் மில்லராய் விஷயத்தை விளக்கியபோது எடெல்மிரா பயந்துவிடுவாள் என்று நினைத்தோம். அவளோ படத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இப்படி எல்லாருக்கும் இருக்காதா, டாக்டரம்மா?"

"ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான்."

எடெல்மிரா பக்கத்துக் கட்டில்காரியைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். இப்போது அந்தப் படம் அவள் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.