மானின் வலி தங்கிய கால்

காய்ச்சல் இறங்கி ஒரு வாரமான பிறகும் தையல்காரியின் வலது காலில் ஒரு மானின் வலி தங்கியிருந்தது. முழங்காலுக்குப் பின்னால் உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு உதிர்ந்துவிட்டது. மாத்திரையில் கிருமி செத்துவிட்டதென்று ரத்தப் பரிசோதனையும் சொன்னது. ஆனால் தையல் மெஷினின் பெடலை அவளால் மிதிக்க முடியவில்லை. காட்டோர ஊர் என்பதால் யாரும் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்ணி முதலில் எந்த உயிரைக் கடித்ததோ, அந்த உயிர் படும் பாட்டில் கொஞ்சம் அடுத்துக் கடிபட்டவருக்கும் வந்து சேரும். போன வருடம் முயலின் உண்ணி கடித்த போலீஸ்காரர் திருடனைக் கண்டதும் ஓடிப்போய்ப் புதருக்குள் பதுங்கியதும், திருடனே பரிதாபப்பட்டு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் எல்லோருக்கும் தெரியும்.

“எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லம்மா. கால் நல்லாத்தான் இருக்கு,” என்றார் டாக்டர்.

“என் கால் நல்லாத்தான் இருக்கு டாக்டர். அந்த உண்ணி முன்னாடி கடிச்ச மானுக்குத்தான் கால்ல அறுந்த சுருக்குக் கம்பி மாட்டியிருக்கு.”

வலி தெரியாமலிருக்க அவர் ஓர் ஊசி போட்டார். அன்று அவள் தேங்கிக் கிடந்த சட்டைகளையெல்லாம் தைத்து முடித்தாள். மறுநாள் வலி இரண்டு மடங்காகத் திரும்பியபோதுதான் புரிந்தது: அந்த ஊசியில் கால் மரத்துப்போன மானும் நாள் முழுக்க ஓடியிருக்கிறது, கம்பி இன்னும் ஆழமாக இறங்கியிருக்கிறது. அதன்பின் ஊசியே வேண்டாமென்றாள். கடையைப் பூட்டிவிட்டு, மானும் அசையாமல் கிடக்கட்டுமென்று காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தாள்.

வனக்காவலரான தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “நான் தண்ணி கேட்டா எழுந்திருக்க மாட்ட. முகம் தெரியாத மானுக்கு இவ்வளவு உபசாரமா?”

“உனக்குத்தான் கால் இருக்கேடா. என் வாயில துரு கரிக்குது. காட்டுல துருப்பிடிச்ச தண்ணி எங்க இருக்குன்னு யோசி.”

பழைய இரும்புத் தொட்டி ஒன்று அவன் நினைவுக்கு வந்தது. கம்பி வெட்டும் குறடோடு போனான். தொட்டியடியில் மான் காலை நீட்டிப் படுத்திருந்தது. அவன் நெருங்கியும் ஓடவில்லை. வீட்டில் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். கம்பி அறுபட்ட நேரத்தில் அவள் விட்ட பெருமூச்சு பக்கத்து வீடுவரை கேட்டது. வலியைப் படைத்தவன் அதைப் பங்கிட்டுக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறான். உண்ணியும் அதில் ஒன்று போலும்.

கடை மறுபடி திறந்தது. இப்போதும் துணி நிறைய வரும் நாட்களில், தொட்டியருகே அந்த மான் நின்ற இடத்திலேயே வலது பின்னங்காலால் தரையை விடாமல் தட்டும். அதைப் பார்த்தால் தம்பி, அக்காவுக்கு இன்று வேலை அதிகம் என்று தெரிந்துகொண்டு, வரும் வழியில் இருவருக்கும் சாப்பாடு வாங்கிக்கொண்டு போகிறான்.